ஆணுக்கு அதிகமா, பெண்ணுக்குக் குறைவா? உமிழ்நீரும் உடல்வாகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு பல் மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான்தான். யார் வாயில் நிமிடத்துக்கு நிமிடம் குளம் கட்டுகிறது, யார் வாய் பஞ்சடைத்த மாதிரி கிடக்கிறது என்பது என் கைக்கே தெரிந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தவுடன் பலரும் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு மட்டும் ஏன்கா இவ்வளவு எச்சில்?" அல்லது அதற்கு நேர் எதிர்க்கேள்வி. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல நேரம் போதாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எச்சில், உமிழ்நீர், ஜொள்ளு எல்லாம் ஒன்றா?

பொருள் ஒன்றுதான், மரியாதைதான் வேறு. வாய்க்குள் இருக்கும்வரை உமிழ்நீர். வெளியே வந்தால் எச்சில். குழந்தை வாயில் வழிந்தால் ஜொள்ளு, வாலிபன் வாயில் வழிந்தாலும் ஜொள்ளு, ஆனால் பின்னதற்குத் திட்டு விழும். இதில் 99 விழுக்காடு தண்ணீர். மீதி ஒரு விழுக்காட்டில் வழுவழுப்பைத் தரும் பசைப்புரதம், மாவைக் கரைக்கும் நொதி, கிருமியைத் தடுக்கும் பொருள்கள், பல்லுக்கு வேண்டிய கால்சியம், பாஸ்பேட், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு சுரக்கும்? பள்ளிப் புத்தகத்தில் ஒன்றரை லிட்டர் என்று படித்தேனே?

நானும் அப்படித்தான் படித்தேன். ஒன்றரை லிட்டர் என்பது மேல் எல்லை. பெரும்பாலானவர்களுக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் அடங்கிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்றும் மெல்லாமல் சும்மா இருக்கும்போது ஆரோக்கியமான ஒருவருக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் வரை ஊறும். விழித்திருக்கும் 15 மணி நேரத்தை, அதாவது 900 நிமிடத்தை, 0.3ஆல் பெருக்கினால் 270 மில்லிலிட்டர். சாப்பிடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு மணி நேரம் மெல்கிறோம் என்றால் 240. தூக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஆக மொத்தம் 510. காப்பிக்கடையில் வாங்கும் ஒரு சின்னத் தண்ணீர் போத்தல் அளவு. காலையில் எழுந்ததும் வாய் நாறுவதற்கு இந்தத் தூக்க நேர வறட்சிதான் முக்கியக் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆண்களுக்கு எச்சில் அதிகமா?

சராசரியாகப் பார்த்தால் ஆமாம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பெண்களின் சுரப்பு வேகம் ஆண்களைவிடச் சற்றுக் குறைவாக வந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது ஊறுவதில் இந்த வித்தியாசம் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஏன் என்பதுதான் சுவையான பகுதி. உடனே எல்லோரும் ஹார்மோனைக் கைகாட்டுவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது சுரப்பியின் அளவு. நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை. காதுக்கு முன்னே, கன்னத்தில் இருப்பது ஒன்று. பொன்னுக்கு வீங்கி வந்தால் உப்புமே, அதுதான். கீழ்த்தாடைக்கு அடியில் ஒன்று. நாக்குக்கு அடியில் ஒன்று. போதாததற்கு உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். கன்னச் சுரப்பிதான் பெரியது, ஒரு பக்கத்துக்கு 15 முதல் 30 கிராம். ஆனால் சும்மா இருக்கும்போது அது முந்திக்கொள்வதில்லை. அப்போது வாயில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாடையடிச் சுரப்பியிலிருந்து வருகிறது. மெல்ல ஆரம்பித்தவுடன் கன்னச் சுரப்பி விழித்துக்கொண்டு பாதிக்கு மேல் தானே ஊற்றுகிறது.

ஜப்பானில் இளைஞர்களையும் இளம்பெண்களையும் எம்ஆர்ஐ எடுத்து இந்தச் சுரப்பிகளை அளந்து பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு அது. பெண்களின் சுரப்பிகள் சிறியவை, ஊறும் அளவும் குறைவு, சுரப்பி பெரிதாக இருந்தால் சுரப்பும் கூட. சின்ன உலையில் சின்ன அளவுதான் பொங்கும், அவ்வளவுதான் சங்கதி. பெண்களின் வாயும் சராசரியாகக் கொஞ்சம் சிறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வீட்டைத் துடைக்கப் பெரிய வாளி எதற்கு?

சராசரியை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடாதீர்கள். ஆரோக்கியமானவர்களிடையே சும்மா ஊறும் வேகம் நிமிடத்துக்கு 0.1இலிருந்து 1 மில்லிலிட்டருக்கு மேல்கூடப் போகிறது. ஆண், பெண் வித்தியாசம் இந்தப் பெரிய வீச்சுக்குள் ஒரு ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். என் உறிஞ்சுகுழாய்க்கு அதிக வேலை வைப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

அப்படியென்றால் உயரமான, பெரிய உடம்புக்காரருக்கு நிறைய ஊறுமா?

பெரிய உடம்பில் சுரப்பியும் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த அளவுக்கு ஆமாம். ஆனால் உடம்பு இரண்டு மடங்கானால் எச்சிலும் இரண்டு மடங்காகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

இதற்கு நல்ல சாட்சி ஐந்து வயதுக் குழந்தைகள். ஜப்பானியப் பல் மருத்துவர் ஷிகெரு வதனாபேயும் அவருடைய குழுவும் 1995இல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஊறுகிறது என்று கணக்கிட்டார்கள். பிள்ளைகளை மெல்லச் சொல்லி, விழுங்காமல் துப்பச் சொல்லி, எடைபோட்டு. விடை ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். மேலே பெரியவர்களுக்குப் போட்ட கணக்கை ஒருதரம் திரும்பப் பாருங்கள். எடையில் நம்மில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பிள்ளை, எச்சிலில் நமக்குச் சமமாக நிற்கிறது! அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நிதானமாக, நெடுநேரம் மெல்வதும் ஒரு காரணம். ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வைத்து மாரடித்த எந்தத் தாய்க்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. இந்த ஆய்வுக்கு 2019இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுப்பது அது. ஆய்வில் அன்று கலந்துகொண்ட தம் மகன்களை வதனாபே மேடைக்கே கூட்டி வந்தார். பெரியவர்களாகிவிட்ட அவர்கள் எல்லோர் முன்னாலும் மென்று துப்பிக் காட்டினார்கள்.

உடல் எடை கூடினால்?

உயரத்தால் பெரிய உடம்பு வேறு, கொழுப்பால் பெரிய உடம்பு வேறு. எடை கூடும்போது கன்னச் சுரப்பிக்குள்ளும் கொழுப்பு சேரும். பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் சுரக்கும் திசு கூடியிருக்காது. சுவீடனில் பதின்ம வயதினரிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு மெல்லும்போது ஊறும் எச்சில் மற்றவர்களைவிடக் குறைவாகவும் சொத்தைப் பல் கூடுதலாகவும் இருந்தது. "நல்லா கொழுகொழுன்னு இருக்கான், வாய்ல தண்ணி ஊறும்" என்று பாட்டிகள் சொல்வது இந்த இடத்தில் செல்லாது.

வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. பலகாரத்துக்கு மாவு நிறுக்க வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு போதும், கிராமில் தசமம் காட்டினால் நல்லது. ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் துலக்காமல் இருங்கள். சின்னக் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். உட்கார்ந்து, தலையை லேசாகக் குனிந்து, ஒருமுறை விழுங்கிவிட்டு, அங்கிருந்து 5 நிமிடம் விழுங்காமல், பேசாமல், ஊறுவதைக் கிண்ணத்தில் வழிய விடுங்கள். காறித் துப்பக்கூடாது. ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்று எடுத்துக்கொண்டு 5ஆல் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். நிமிடத்துக்கு 0.1க்குக் கீழே, அதாவது 5 நிமிடத்தில் அரை கிராம்கூடத் தேறவில்லை என்றால், அது குறைவு. வேறொரு நாள் அளந்தாலும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். சுரப்பு பிற்பகலில் ஏறும், இரவில் இறங்கும்.

போன தீபாவளிக்கு யீஷூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். முறுக்கையும் அச்சு முறுக்கையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததே பெரிய தவம். ஆறடி உயரம், 95 கிலோ, என் கணவரின் தம்பி. ஐந்தடிகூட இல்லாத மாமியார். "பார்த்துக்கிட்டே இருங்க அத்தை, கிண்ணம் நிரம்பப் போகுது" என்று நான்தான் கொழுந்தனாரை ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாமியாருக்கு 2.2 கிராம், அவருக்கு 0.9. மூக்கு ஒழுகுகிறது என்று காலையில் அவர் மாத்திரை போட்டிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மாமியார் அன்று முழுவதும் அந்த எண்ணை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு 0.2தான் வந்தது, கணவருக்கு 0.5. பயப்பட வேண்டுமா?

இருவரில் யார் வாய் வறண்டிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். 0.5 வந்தவராகவும் இருக்கலாம்! வறட்சியை வாய் உணர்வது அடுத்தவரோடு ஒப்பிட்டு அல்ல. ஒருவருடைய வழக்கமான சுரப்பு பாதியாகக் குறையும்போதுதான் அவருக்கு வறண்ட உணர்வு வருகிறது. வாழ்நாள் முழுக்க 0.2இல் இருந்தவர் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பார். 0.8இல் இருந்தவர் 0.4க்கு இறங்கினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்பார். அவர் எண்ணைப் பார்த்து "உங்களுக்கு நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டால் அது அநியாயம். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படித் திடீரென்று குறைந்தால் எதைச் சந்தேகிப்பது?

முதலில் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். அரிப்பு, சளிக்குப் போடும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி வருவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள். ஒவ்வொன்றும் தனியே கொஞ்சம் உலர்த்தும், நான்கு சேர்ந்தால் நன்றாகவே உலர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாலிகிளினிக் டாக்டரிடம் "வாய் உலருது, மாத்திரையை மாற்ற முடியுமா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்தது நீரிழிவு. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த ஊர் இது. நம்மவர்கள் வீட்டில் ஒருவருக்காவது இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கு மீறினால் சிறுநீர் அதிகம் போய், வாய் வறண்டு, தாகம் கூடும். அந்தத் தாகத்துக்கு இனிப்புப் பானம் குடித்தால் பல்லும் போகும். கடையில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், சொல்லிப் பழகுங்கள்.

பெண்களுக்கென்று தனிக் காரணம் ஏதாவது உண்டா?

உண்டு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிலருக்கு எச்சில் பொங்கி வரும், கையில் டப்பாவோடு திரிவார்கள். குமட்டலால் விழுங்க முடியாமல் வாயிலேயே தேங்குவதும் இதில் ஒரு பங்கு. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகு வாய் உலர்வு, நாக்கு எரிச்சல் என்று வருபவர்கள் அதிகம். எச்சில் அளவு சரியாக இருந்தும் நாக்கு எரியலாம், அது தனி நோய். "வயசாச்சுல்ல" என்று ஒதுக்கிவிடாமல் காட்டுங்கள்.

முக்கியமான ஒன்று சோக்ரன் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும். 1933இல் இதை விரிவாக எழுதிய சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் சோக்ரன் பெயரில் வழங்குகிறது. பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயதினர். வாயோடு கண்ணும் மணல் விழுந்தது போல் உறுத்தினால், ரொட்டியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாவிட்டால், மூட்டும் வலித்தால், டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனி மருந்துதான் கிடைக்கும்.

வயதானால் தானாகக் குறையுமா?

சும்மா ஊறுவது கொஞ்சம் குறையும். மெல்லும்போது கன்னச் சுரப்பி தருவது எண்பது வயதிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். தாத்தா வாய் வறண்டிருப்பதற்கு வயதைவிட அவர் போடும் ஆறு மாத்திரை பெரிய காரணம்.

மகன் தேசிய சேவையில் இருக்கிறான். அணிவகுப்பில் வாய் காய்ந்துபோகிறது என்கிறான். உடம்பு பெரிதாக இருப்பதாலா?

பெரிய உடம்பு சூட்டில் அதிகம் வியர்க்கும், அந்த வழியில் பங்கு உண்டு. சுரப்பி நீரை இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது. உடம்பில் நீர் குறைந்தால் முதலில் வெட்டப்படும் செலவுகளில் எச்சிலும் ஒன்று. உடல் நீரில் 8 விழுக்காடு இழந்தால் சுரப்பு கிட்டத்தட்ட நின்றேவிடும். அதற்கு வெகு முன்னாலேயே ஆபத்து வந்துவிடும் என்பதால்தான் முகாமில் வரிசையாக நிற்கவைத்துப் போத்தல் போத்தலாகக் குடிக்கச் சொல்கிறார்கள். சலித்துக்கொள்ளாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

மாங்காயைப் பார்த்தாலே வாயில் ஊறுகிறதே, அது நிஜமா?

பாவ்லோவின் நாய்களுக்கு நிஜம். மனிதருக்குப் பார்வையால் கூடுவது கொஞ்சம்தான். ஏற்கெனவே வாயில் இருந்த எச்சிலை அப்போதுதான் கவனிக்கிறோம். நாக்கில் புளிப்புப் பட்டால் கதையே வேறு, சுவைகளில் அதிகம் சுரக்க வைப்பது அதுதான்.

எச்சில் ஊற சூயிங்கம் மெல்லலாமா? இங்கே தடையாயிற்றே?

1992இல் வந்த தடை. 2004இலிருந்து மருத்துவப் பயனுள்ள சர்க்கரையில்லாக் கம்மை மட்டும் மருந்தாளர், பல் மருத்துவர் வழியாக வாங்கலாம். மெல்லும் அசைவே சுரப்பைத் தட்டியெழுப்பும் என்பதால் வாய் வறட்சிக்கு நல்லது. எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரும் யோசனை வேண்டாம். சர்க்கரையில்லாப் புதினா மிட்டாய் சப்பினாலும் பலன் உண்டு. ஆசாம் பொய் என்ற புளிப்பு உலர்பழம் சிலருக்கு உயிர், ஊறவும் செய்யும். ஆனால் நாள் முழுக்கப் புளிப்பு பட்டால், எச்சில் குறைந்த வாயில் பல்லின் மேற்பூச்சு கரையும்.

பாட்டி வெற்றிலை போட்டால் வாய் நிறைய ஊறுகிறதே, அதையே மருந்தாக வைத்துக்கொண்டால்?

ஊறுவது உண்மை. பாக்கில் இருக்கும் அரெகோலின் என்ற பொருள் சுரப்பியின் நரம்பு விசையை அழுத்துகிறது. சோக்ரன் நோயாளிகளுக்குக் கொடுக்கும் பைலோகார்பின் மாத்திரையும் அதே விசையைத்தான் அழுத்துகிறது. ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காத பாக்கையும் சேர்த்துத்தான். வாயின் உள்தோல் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போனவர்களை இந்த நாற்காலியில் பார்த்திருக்கிறேன். தாம்பூலத் தட்டில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு எச்சில் வேறு மாதிரியா?

அளவில் இல்லை, சத்தில் இருக்கலாம். மாவைக் கரைக்கும் நொதிக்கான மரபணு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு எண்ணிக்கையில் பிரதியாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாவுணவு உண்ட மக்களிடம் சராசரியாகப் பிரதிகள் அதிகம் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அந்த நொதியின் வேலைதான்.

தைப்பூசத்தில் நாக்கில் அலகு குத்தியவர்களுக்கு அப்படி வழிகிறதே, அவர்களுக்குச் சுரப்பு அதிகமா?

என் தம்பி டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுத்தபோது கூடவே துண்டோடு நடந்தவள் நான். வாயில் எது இருந்தாலும் உணவு என்று எண்ணிச் சுரப்பி வேலை செய்யும், அதனால் கொஞ்சம் கூடும். பெரிய காரணம் விழுங்க முடியாதது. நாக்கு மேலே எழும்பி அண்ணத்தில் அழுந்தினால்தான் விழுங்க முடியும், வேல் அதைத் தடுத்துவிடுகிறது. சாதாரணமாக நாம் கவனிக்காமலே விழுங்கித் தள்ளும் எச்சில் அத்தனையும் முகவாய் வழியே இறங்கிவிடும். தம்பிக்கு வீட்டில் அளந்தபோது நிமிடத்துக்கு 0.3தான். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு துண்டு நனைந்திருந்தது.